உழைத்த கால்

கொரோனா அடங்கிய மறுவருடம். கம்பத்தில் ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு காலையில், என் திராட்சை மண்டியில் நானே வழுக்கி விழுந்தேன். நசுங்கிக் கிடந்த பழத்தில் கால் வைத்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அடுத்தவர் மண்டியில் பெட்டி தூக்கி, அந்த மண்டிக்கு எதிரிலேயே சொந்த மண்டி போட்டவன் நான். இன்றைக்குக் கொச்சி வரைக்கும் என் லாரி ஓடுகிறது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

அதற்கெல்லாம் அத்தாட்சியாக நான் காட்டுவது என் காலைத்தான். குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஓடுகிற நரம்பு, மற்றவர்களுக்கு விரல் பருமன் இருக்கும். எனக்கு இரண்டு காலிலும் முண்டும் முடிச்சுமாகத் திரண்டு நிற்கும். வேட்டியை ஏற்றி, "பாத்துக்கங்க, சுமை தூக்குன காலு" என்பேன். கல்யாண வீட்டிலும் காட்டியிருக்கிறேன், பாங்க் மேனேஜர் அறையிலும் காட்டியிருக்கிறேன். தொட்டுக் கும்பிட்டவர்களும் உண்டு.

விழுந்ததில் பிடித்த சுளுக்குக்காகத் தேனியில் ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுக்காரர். அவருக்கும் காட்டினேன். அவர் கும்பிடவில்லை, அமுக்கிப் பார்த்தார்.

"ஐயா, உங்க வீட்டுல சுமையே தூக்காத ஆளு யாருக்காச்சும் இந்த மாதிரி கால் இருக்கா?"

இருந்தது. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பிக்கு. எங்கள் அப்பா நாற்பது வயதுகூட ஆகாமல், வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். அதற்குப் பிறகு தம்பி தலையில் ஒரு பெட்டி ஏற நான் விட்டதில்லை. காலேஜ் படிக்க வைத்தேன். அவனுக்கும் அதே கால். அண்ணன் உழைப்பு தம்பி காலில் இறங்கியிருக்கிறது என்று அதையும் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், லாரிக்காரனுக்குப் புரிகிற மாதிரியே டாக்டர் சொன்னார். கொழுப்பு ரத்தத்தில் தானாக மிதந்து போகாதாம். புரதத்தால் ஆன வண்டியில் ஏறித்தான் போகுமாம். ஒரு வகை வண்டி உடம்பு முழுக்கச் சரக்கு கொண்டுபோகும். இன்னொரு வகை, மிஞ்சினதைத் திரும்ப அள்ளிக்கொண்டு வரும். சுற்றி வந்த வண்டியை ஈரல் கேட்டைத் திறந்து உள்ளே வாங்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் பாதிக் கேட் பிறவியிலேயே திறக்காது. வெளியே நிற்கிற வண்டியெல்லாம் சரக்கை வழியெங்கும் தள்ளும். இருதயத்துக்குப் போகிற குழாயில் தள்ளும், குதிகாலில் நரம்பு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த தசைநாரிலும் தள்ளும். ஊரெல்லாம் நான் காட்டித் திரிந்தது அந்தச் சரக்கைத்தான்.

"சாப்பாட்டால வந்ததில்லைங்க ஐயா, பிறப்போட வந்தது. தினமும் மாத்திரை போட்டா சமாளிச்சிரலாம். முதல்ல உங்க தம்பியக் கூட்டிட்டு வாங்க."

அன்றைக்கே சுருளிப்பட்டிக்குப் போனேன். தம்பி பந்தலுக்கு அடியில் நின்று கொத்து பார்த்துக்கொண்டிருந்தான். விவரத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"ஏண்ணே, உழைச்ச காலு உழைச்ச காலுன்னு கம்பம் பூரா வேட்டியத் தூக்கிக் காட்டுனது யாரு? இன்னைக்கு அது நோயாயிருச்சாக்கும்?"

"டாக்டரு சொல்றாகடா. ரத்தம் மட்டும் குடுத்துட்டு வா."

"நான் கறியவே தொடுறதில்ல. வயித்தப் பாரு, ஒட்டிக் கெடக்கு. எனக்கு எங்கன இருக்கு கொழுப்பு?" என்றவன் குரலைத் தாழ்த்தினான். "பையனப் பாக்கப் பொண்ணு வீட்டுக்காரக வாராக. நெஞ்சுவலிக் குடும்பம்னு காதுல விழுந்துச்சுன்னா திரும்பிப் பாப்பாகளா? கல்யாணம் முடியட்டும்ணே, வாரேன்."

"அப்பா எப்படிச் செத்தாருன்னு மறந்துபோச்சா?"

"அப்பா உழைச்சே செத்தாரு. நீதான ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்ன?"

கேரளா வியாபாரிகளைப் பேச்சிலேயே மடக்கியவன் நான். என் பேச்சை வைத்தே என் தம்பி என்னை மடக்கினான்.

ஆனாலும் நான் விடவில்லை. அவன் பெண்டாட்டியிடம் சொன்னேன். "நல்ல காரியம் நடக்கப் போற வீட்டுல இதப் பேசாதீக மாமா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கல்யாணம் முடிந்தது. பழம் வெட்டி முடியட்டும் என்றான் தம்பி. பழம் வெட்டி முடிந்தது, கொடியைக் கவாத்து வெட்டணும் என்றான். அந்தக் கவாத்தின்போது, கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே பந்தலுக்கு அடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

எழவு வீட்டில் அவன் பெண்டாட்டி எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினாள்: "உங்க வாயிதான் மாமா அவுகளக் கொண்டுபோயிருச்சு!"

சுடுகாட்டுக்குப் போகும்போது தம்பி மகன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு முன்னால் நடந்தான். நான் அவனுக்குப் பின்னால். ஈர வேட்டி கெண்டைக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அவன் குதிகால் இரண்டும் திரண்டு, முடிச்சு விழுந்து, என் காலைப் பார்த்த மாதிரியே இருந்தன. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளை. சுமை என்றால் என்னவென்றே தெரியாது.

தோளைத் தொட்டு, "டாக்டருகிட்டப் போவம்டா" என்றேன்.

"பதினாறு முடியட்டும், பெரியப்பா."

பதினாறும் முடிந்தது, வருட திவசமும் முடிந்தது. இப்போது அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். பிள்ளை பிறக்கட்டும் என்கிறான்.

நான் மட்டும் மாத்திரை போட்டுக்கொண்டு கல்லு மாதிரி இருக்கிறேன். மண்டியில் புதிதாக வருகிறவர்கள் "அந்தக் காலக் காட்டுங்கய்யா" என்று இப்போதும் கேட்கிறார்கள். வேட்டியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறேன். உழைப்பு என்று நான் சொன்னதை மொத்த ஊரும் நம்பியதே, நோய் என்று சொன்னபோது என் தம்பி ஒருத்தன் நம்பியிருக்கக் கூடாதா என்று நினைக்காமல் ஒரு நாளும் அந்த மாத்திரை என் தொண்டையில் இறங்குவதில்லை.