மூப்பர் கேட்ட வேட்பாளர்

எங்கள் மட்டாஞ்சேரி வார்டு அந்த மாநகராட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் மூப்பர் எங்கள் வீட்டுக்கு வந்து, சாயா ஆறும் முன்பே விஷயத்தைச் சொன்னார்.

"கவுன்சிலருக்கு நீ நில்லு மோளே. படிச்சவ, மலையாளமும் நல்லா பேசுற. நம்ம ஆளுகளுக்கு ஒரு வாய் வேணும்."

இடுப்பில் குழந்தை சிணுங்கியது. பெரியவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"சபைக் கமிட்டிக்கு என் பேரைச் சொன்னப்போ நீங்கதானே அங்கிள் வேண்டாம்னீங்க?"

"அது சபையல்லே? அங்க பொம்பளைங்க அமைதியா இருக்கணும்னு பவுல் எழுதியிருக்காரே."

"மேயரை எதிர்த்துப் பேசலாம், உங்களை எதிர்த்துப் பேசக்கூடாது. அப்படித்தானே?" என்று என் கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இது அகந்தையோ, கைக்குழந்தைக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று மனம் அடித்துக்கொண்டது. சபைக்காக உழைத்த பெண்களுக்கு அதே பவுல் வாழ்த்து அனுப்பியதும் நினைவுக்கு வந்தது.

"ரெண்டுக்கும் நிக்கிறேன் அங்கிள். ஒண்ணுக்கு மட்டும்னா வேற ஆளைப் பாருங்க."

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, கமிட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சபைக் கூட்டம் நடந்தது. எங்கள் வழக்கப்படி, நிற்பவருக்கு உறவில்லாத ஒருவர் எழுந்து பெயரை முன்மொழிய வேண்டும். யாரும் எழவில்லை. மூப்பர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். என் பெயரை நானே சொன்னேன். மூப்பர் அதை எழுதிக்கொள்ளும்வரை நான் உட்காரவில்லை.