அம்மிணியின் குட்டையில் மீன் இல்லை

மட்டாஞ்சேரி படகுத்துறையில் ஆயுசில் பாதியை டிக்கெட் கிழித்தே கழித்தவள் அம்மிணி. அவள் ஓர் அதட்டல் போட்டால் பாதிக் காயல் தாண்டிய படகும் மூக்கைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வரும் என்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பறவை மசியவில்லை. அதுவும் டேப்லெட்டுக்குள் இருக்கிற பறவை.

பெங்களூரில் இருக்கும் மகள் ஸாதனா போட்டுக்கொடுத்த விளையாட்டு அது. வெறும் சேற்றுக்குட்டை ஒன்று கிடைக்கும். அதில் கோரை, அல்லி, சம்பம்புல் என்று நட்டு வளர்த்தால் செடிக்குத் தக்கபடி பிராணிகள் தாமே வந்து சேரும். வந்தவை பிராணிகளின் பட்டியல் படத்தில் நிறம் பெறும். வராதவை கறுப்பு நிழலாகவே நிற்கும்.

அம்மிணி நட்ட கோரை திரையைப் பிளந்துகொண்டு மேஜையில் இறங்கிவிடும் போலத் தழைத்தது. வாசல் கால்வாயின் நாற்றம் தாங்காத கொசுக்கள், நல்ல தண்ணீர் என்று நம்பி டேப்லெட்டில் முட்டி மண்டையை உடைத்துக்கொண்டன. தவளை வந்தது, தும்பி வந்தது, நாமக்கோழி குஞ்சுகளோடு குடியேறியது. மீன்கொத்தி மட்டும் நிழலாகவே நின்றது.

வெறும் ஆசையென்றால் விட்டுவிடலாம். கலூர் கண் டாக்டர் ஒளித்துப் பேசவில்லை: நரம்பு பட்டுப்போகிறது, மிச்சப் பார்வையும் போகும், மருந்தில்லை. படகுத்துறைக் கம்பத்தில் தினமும் வந்து உட்கார்ந்த மீன்கொத்தியின் நீலத்தை, டிக்கெட் வரிசையை விட்டு நிமிர்ந்து அவள் பார்த்ததேயில்லை. இப்போது நிஜப் பறவை மங்கிய கண்ணுக்கு அகப்படாது. திரையிலென்றால் பெரிதாக்கிப் பார்க்கலாம். இருட்டுவதற்குள் ஒரே ஒரு தரம்.

கீழ்வீட்டுச் சுபாஷிணி ஒருநாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "மாமி, குட்டையில மீனே இல்லையே! மீன்கொத்தி பின்னே எந்தினு வரும், புல்லு தின்னவா?"

"மீனை விட்டு, அதைக் கொல்லக் குடுக்கறதா? நம்மாத்துல அது நடக்காதுடீ."

கணவர் பிச்சுமணி பேப்பரை மடித்தார். "படத்து மீனுக்கு ஏதுடீ பிராணன்? நீ அதுக்குத் திதியா குடுக்கப்போறே?"

"விடற கை என்னோடதாக்கும்."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டு அல்லி நட்டாள்.

மழைக்காலம் வந்தது. முதலில் திரையின் ஓரங்கள் போயின. பிறகு அல்லி எது, நாமக்கோழி எது என்று தெரியவில்லை. ஒரு மாலை, குடிக்காத சாயா ஆறிக்கொண்டிருக்க, அவளே சொன்னாள்: "ஏன்னா, நீங்களே மீனை விட்டுடுங்கோ. ஏகாதசி நேத்தோட போயிடுத்தோல்லியோ."

விட்டார். சற்றைக்கெல்லாம் பொளக்கென்று தண்ணீர்ச் சத்தம்.

"வந்துடுத்து அம்மிணி! கோரை மேல உட்கார்ந்து மீனை முழுங்கறது!"

மூக்கு இடிக்கக் குனிந்தாள். சாம்பல் நடுவே ஒரு கறுப்பு. வராதபோது நின்ற அதே நிழல்.

"ஏன்னா, என்ன நீலம்?"

"நீலம்... நீலம்தான். பெயின்ட் நீலம்."

"எந்தப் பெயின்ட்?"

பிச்சுமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். அவள் விரல் தடவிக்கொண்டே போய்த் திரையில் பட்டது. தொட்டால் பறவை பறந்துவிடும். அவளுக்குத் தெரிந்ததுதான், மறந்துபோனாள். சிறகடிக்கும் சத்தம் கேட்டது.

"போயிடுத்தா?"

"இல்லை, இங்கேதான் இருக்கு. அந்தச் சத்தம் பக்கத்து ஜைனக் கோயில் புறாவோடது."

புறாச் சத்தம் அவள் அறியாததா? வெளியே கொட்டுகிற மழையில் எந்தப் புறாவும் கூரையை விட்டுக் கிளம்பாது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரி. பார்த்துண்டே இருங்கோ."