இரண்டு தராசும் ஒரு கம்பனித் துவக்கும்

நேற்று ஹட்டனில் மழைக்கு ஒரு தையல் கடையில் ஒதுங்கினேன். உள்ளே ஒருவர் மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசத்துக்கு எனக்குத் துவக்கு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். முயல் சுட வாங்கிய எங்கள் துவக்குக்கு அந்த எண்ணெயைத்தான் விட்டோம்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பு, புத்தளம், வவுனியா என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்துவிட்டு, கல்யாணமானதும் திம்புள்ளப் பக்கம் வந்து சேர்ந்தேன். தோட்டத்து ஓரத்தில் தேயிலை செத்துப்போன ஒரு துண்டு நிலத்தில் நானும் மனைவியின் தம்பி ரவியும் போஞ்சிக்காய் பயிர் போட்டோம். முதல் போகத்தை முயல் தின்றது. இரண்டு இலை விட்ட கன்றுகளை வரிசை தப்பாமல் கத்தரித்துவிட்டுப் போகும். வலை கட்டினோம், தகரம் தட்டினோம், அது பழகிக்கொண்டது.

என் மனைவி பாக்கியம் சண்டை போடவில்லை. பாஸ்போட் எடுத்துவந்து சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்த தடவையும் முயலுக்குத்தான்னா நான் குவைத்துக்குப் போறேன். நீங்க முயலோட குடும்பம் நடத்துங்க."

துவக்கு வைத்திருக்க அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து அனுமதிப்பத்திரம் வாங்கினோம். தோட்டத்து லய வீடுகளில் ஒருவர் கொல்லன் செய்த துவக்கு ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். பிடித்தால் ஜெயில், வெடித்தால் ஆஸ்பத்திரி. கம்பனியில் செய்ததுதான் வேண்டும் என்று கண்டிக்குப் பஸ் ஏறினோம்.

துவக்குக் கடை முஸ்லிம் நானா எங்கள் காசுக்குத் தக்க இரண்டு பழைய சிறு ரைபிள்களை எடுத்து வைத்தார். ஒன்று புது வார்னிஷில் பளபளத்தது. மற்றதன் கட்டையெல்லாம் கீறல், விலையும் குறைவு. கடைக்குப் பின்னால் மண்மேட்டில் சிவப்புப் பொட்டு வைத்த அட்டைகளைக் குத்தி, மணல் மூட்டையில் சாய்த்து, இரண்டிலும் ஐந்தைந்து தோட்டா சுட்டுக் காட்டினார். பளபளப்பானது ஒன்றைப் பொட்டின் நடுவில் அடித்தது, மற்ற நாலும் நாலு மூலைக்குப் போயின. கீறல் துவக்கின் ஐந்தும் இடப்பக்கம் கீழே, ஒரு காசால் மூடிவிடலாம் போலக் கிடந்தன. பொட்டில் ஒன்றும் படவில்லை.

"பொட்டுலயே அடிச்சிருச்சே மச்சான். இன்னும் என்ன யோசிக்கிறீங்க?" என்றான் ரவி.

நான் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசை யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா வேலை செய்த தோட்டத்தில் இரண்டு தராசு. ஒன்று எந்நாளும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும். பெண்கள் ஒரு நாள் கூடையை இறக்காமல் நின்று சண்டை பிடித்தார்கள். அன்றிலிருந்து கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் இரண்டு கிலோ கூட்டி எழுதினார். மற்றத் தராசு இன்றைக்குச் சரியாக இருக்கும், நாளைக்கு ஒன்று குறையும், மறுநாள் மூன்று. "இதுகிட்ட என்னான்னு சண்ட புடிக்கிறது?" என்பாள் அம்மா. எல்லோரும் பயந்தது அதற்குத்தான்.

"நானா, கீறல் விழுந்தத தாங்க. குறிய நகத்தலாம்தானே?"

நானா என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்னச் சுத்தியலால் குறி பார்க்கும் பின்தகட்டை வலப்பக்கம் தட்டி, ஒரு படி உயர்த்தி, மறுபடி ஐந்து சுட்டார். பொட்டு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"நானும் அதத்தான் சொல்ல வந்தேன்," என்றான் ரவி.

முதல் வாரம் விடியக்காலைகளில் நாலு முயல் விழுந்தன. நாற்பது அடி தூரம், முயலுக்கு ஒரு தோட்டாதான் செலவு. பாக்கியம் மிளகு அரைத்துப்போட்டுக் குழம்பு வைத்தாள். "குவைத்துல இது கெடைக்காது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போஞ்சி மூட்டைகள் லொறியில் ஏறியபோது பின்கதவு சாத்த முடியவில்லை, கயிறு கட்டித்தான் அனுப்பினோம். அவள் எங்கேயும் போகவில்லை. அதே மண்ணில் ஒன்பது போகம் எடுத்தோம்.

இப்போது அந்த நிலத்தில் வெளிநாட்டுக்காரர் தங்கும் பங்களா. போஞ்சிக் கம்பு நட்ட இடமெல்லாம் புல்தரை. துவக்கைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம், அந்தக் கடையும் இன்று இல்லை. ரவி அந்தப் பங்களாவில் காவலுக்கு நிற்கிறான், தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு. போன மாதம் பார்க்கப் போனேன். புல்லில் மூன்று முயல் மேய்ந்துகொண்டிருந்தன. கை தட்டப் போனேன், அவன் பிடித்துக்கொண்டான்.

"வெரட்டக்கூடாது மச்சான். இதுகள போட்டோ புடிக்கத்தான் வெளிநாட்டுக்காரங்க காலையில வெள்ளனயே எந்திரிச்சு வர்றாங்க."