எள்ளளவு ஊசிமுனை

ராக்கெட், செயற்கைக்கோள் எல்லாம் அரசாங்கத்துச் சமாச்சாரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது ஒரு பழைய அச்சகக் கட்டடத்தில் பதினெட்டுப் பேர் செயற்கைக்கோள் செய்கிறோம். வாங்குபவர் ஒரு நாடு, சுமந்து போகும் ராக்கெட் இன்னொரு நாடு. அந்தப் பதினெட்டில் ஒருவர் தையல்காரக்கா. இருபது வருடம் பள்ளிச் சீருடை தைத்தவர். வெயிலும் குளிரும் தாக்காதபடி செயற்கைக்கோளுக்குப் போர்த்தும் பளபளப்புப் போர்வையை, பத்து அடுக்கு சேர்த்துக் கையால் தைப்பார். "சீருடைன்னா அடுத்த வருசம் பத்தாமப் போயிடும். இது வளராத புள்ளை" என்பார்.

ஊசி கொடுப்பது என் வேலை. ஊசி உடைந்தால் துண்டுகளை லென்ஸின் கீழ் பொருத்திப் பார்த்து, முழுசாக இருந்தால்தான் அடுத்த ஊசி தர வேண்டும். ஒரு துண்டு உள்ளே தங்கி, மேலே போய் மிதந்து, மின்சுற்றில் பட்டால் அவ்வளவுதான்.

கடைசி நாள் அக்காவின் ஊசி உடைந்தது. செயற்கைக்கோளைப் பெட்டியில் கட்டி அனுப்பும் அவசரம். இரண்டு துண்டையும் வாங்கி, பார்க்காமலே டப்பாவில் போட்டுவிட்டுப் புதிதைக் கொடுத்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

மறுநாள் காலை வாசலில் லாரி நிற்கும்போது, மனசு கேட்காமல் அக்காவே வந்து துண்டுகளை லென்ஸில் வைத்தார். நுனியில் எள்ளளவு குறைந்தது. நேரே முதலாளியிடம் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"இப்பப் பெட்டியைப் பிரிச்சா ராக்கெட்டைத் தவற விட்டுடுவோம். ஆறு நாட்டுச் சாமான் ஏறுது, நமக்காகவா நிப்பான்?" என்று முதலாளி கத்தினார். "ஊசியை யாரு சரிபார்த்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "இவர் இல்லாதப்போ நானே புதுசை எடுத்துக்கிட்டேன் சார்."

பிரிக்கச் சொன்னார் முதலாளி. நான் ஸ்பேனர் எடுக்கப் போனேன்.

பெட்டியைப் பிரித்தார்கள். செயற்கைக்கோளின் கேமராவுக்குப் பக்கத்தில், போர்வை மடிப்பில் நுனி இருந்தது. செயற்கைக்கோள் பிழைத்தது, ராக்கெட் போய்விட்டது, அக்காவுக்கு வேலை போனது. வாசல்வரை கூடவே போய், "உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா" என்றேன். தடுப்பார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"சொன்னா ரெண்டு பேருக்கும் போகும். எனக்குத் தையல் மெஷின் இருக்கு. உங்க வீட்டுல மூணு வாய் இருக்கு. போங்க, இனிமேலாவது பாத்துக் குடுங்க."

எட்டு மாதம் கழித்து வேறொரு ராக்கெட்டில் அது பறந்தது. முதல் படம் வந்ததும் வாங்கியவர்கள் வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்கள். அப்போது வேலையில் இருந்த அத்தனை பேரின் பெயரும் அதில் இருந்தது. அக்காவின் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.

என் மனைவி அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.