‘விடு’ என்றதும் விட்ட குட்டி

என் மனைவியைப் பற்றி நான் வெளியில் பெருமையாகப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. எழுதினால் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னறை அவளுடைய தையல் கடை. நான் இருபது வருஷம் வளைகுடாவில் ஒரு வெல்டிங் பணிமனையில் மேற்பார்வை வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச்சு குறைந்துவிட்டதுபோல் இருந்ததால், ரப்பர் தோட்டத்தில் பால் உறையவைக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாட்டு நாய் போட்டிருந்த குட்டிகளில் ஒன்றை எடுத்து வந்தேன். செம்பட்டை நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடங்கியே கிடக்கும்.

வந்த ஒரு மாதம் பரம சாது. பிறகு கடிக்கத் தொடங்கியது. என் இரண்டு ஜோடி செருப்பு, நாற்காலிக் கால், தையல் மெஷினின் பெல்ட், கதவோரத்து மிதியடி. அவளுடைய அளவு நாடாவில் முதல் ஒன்பது அங்குலத்தைக் கடித்துத் துப்பியது. புதுசு வாங்கும்வரை ஒரு வாரம் அவள் பத்தாவது அங்குலத்திலிருந்து பிடித்து, பத்தைக் கழித்துக் கழித்து அளவெடுத்தாள்.

பத்திரிகையைச் சுருட்டி அதன் மூக்கில் அடித்தேன். பலாமரத்தில் கட்டினேன், கயிற்றையே கடித்து அறுத்துக்கொண்டு வந்தது. நாலாவது நாள் என் காலடிச் சத்தம் கேட்டதும் மெஷினுக்கு அடியில் ஒடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. கடிப்பது மட்டும் நிற்கவில்லை. நான் பார்க்காத நேரத்தில் கடித்தது.

“நீங்க அடிச்சு அது படிச்சது ஒண்ணே ஒண்ணாக்கும். உங்களக் கண்டா ஓடணும்னு படிச்சிருக்கு. கடிக்கப்பிடாதுன்னு படிக்கல்ல” என்றாள் மனைவி.

மறுநாள் அவளே குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பால்பல் விழுந்து புதுப்பல் வருகிறது, ஈறு நமநமவென்று இருக்கும், இந்த வயதில் கடிக்காமல் இருக்கவே முடியாது, எதைக் கடிக்கலாம் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும் என்றார். மருந்து ஒன்றும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்தவள், ஜீன்ஸ் பேண்ட்டுகளின் உயரம் குறைக்கும்போது வெட்டி எறிகிற கால்பட்டிகளைப் பொறுக்கி எடுத்து, ஜடைபோல் பின்னி, தண்ணீரில் நனைத்து ஃப்ரீசரில் வைத்தாள். விறைத்ததும் குட்டியிடம் போட்டாள். அது அடுக்களைத் தரையில் குப்புறப் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கடித்த சுகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் செருப்பு பிழைத்தது. மகளிடம் வீடியோவில் நான் வெற்றிச் செய்தி சொல்லியாயிற்று.

அப்புறம்தான் அந்தக் கல்யாண ரவிக்கை. கையில் மணி வேலை செய்த பட்டு. மேஜையிலிருந்து சரிந்து கிடந்ததைக் குட்டி எடுத்துப்போய், ஒரு கையை நார் நாராக்கி வைத்திருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. அவள் என்னைத் தடுத்தாள். ரவிக்கையை மடியில் விரித்து, உதிர்ந்த மணிகளைப் பொறுக்கிச் சேர்த்தாள்.

“இதுல அதுக்கு ஒரு குத்தமும் இல்ல. துணியக் கடிக்கலாம்னு நாமதான் படிச்சுக் குடுத்தது. பழந்துணி எது, பட்டு எதுன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

கல்யாணப் பெண்ணை வரச் சொல்லி, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். “ரெண்டு கையயும் முட்டுக்கு மேல ஏத்தி வெட்டி, மணி வேலய திரும்பச் செஞ்சு தாறேன் மக்கா. மனசில்லன்னா சொல்லு, வேற பட்டு எடுத்துத் தைக்கேன்.”

அந்தப் பெண் கிழிந்த கையைப் பார்த்தாள். தொங்கிய மணிகளை விரலால் தடவினாள். பிறகு, “அக்கா, கடிச்ச அந்தப் பட்டிக்குட்டிய ஒண்ணு காட்டுங்க” என்றாள். கல்யாணத்தன்று அந்தக் குட்டைக் கை அவளுக்கு அத்தனை எடுப்பாக இருந்தது.

அன்றோடு துணியை நிறுத்தினாள். ஃப்ரீசரில் ஜடைக்குப் பதிலாகக் கேரட். நாகர்கோவிலுக்குப் போய்க் கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்று வாங்கி வந்தாள். தையல் அறைக்கு ஒரு அரைக்கதவு வேண்டும் என்றாள். அதை நான் வெல்டு செய்து போட்டேன். காலையில் குட்டியைத் தோட்டம் வரை ஓட்டிக்கொண்டு போய் வருவதும் என் வேலையானது.

பாடம் மட்டும் அவள் கையில். குட்டி பொம்மையைக் கவ்வியிருக்கும்போது அவித்த கோழி ஈரலில் ஒரு துண்டை மூக்கருகே காட்டுவாள். அது வாயைத் திறக்கிற அந்த நொடியில் “விடு” என்பாள். ஈரலைக் கொடுப்பாள். உடனே பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

“வாங்கினத எதுக்குடி திரும்பக் குடுக்க?” என்று கேட்டேன்.

“விட்டா போயிரும்னு நெனச்சா அது விடுமா? விட்டாலும் திரும்பக் கிட்டும்னு அதுக்குத் தெரியணும்.”

ஒரு நாளில் பத்துத் தடவையாவது இது நடக்கும். மெஷினை மிதித்துக்கொண்டே செய்வாள். நாளடைவில் குட்டியே பொம்மையை அவள் காலடிக்குக் கொண்டுவந்து விடத் தொடங்கியது. இருபது வருஷம் ஆட்களைச் சத்தம் போட்டே வேலை வாங்கியவன் நான். இப்படியும் ஒரு வழி உண்டு என்று எனக்கு யாரும் காட்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம். வந்தவர் யாரோ அரைக்கதவைத் திறந்துபோட்டுப் போய்விட்டார். சர்ச்சில் ஒரு சிறுமியின் முதல் நற்கருணைக்குத் தைத்து மடித்துவைத்திருந்த வெள்ளைக் கவுனைக் கவ்விக்கொண்டு குட்டி முற்றத்தில் நின்றது. மழை பெய்து ஓய்ந்த செம்மண். நான் பாய்ந்து எழுந்தேன்.

“ஓடாதீங்க. நீங்க ஓடினா அதுவும் ஓடும்” என்று என் கையைப் பிடித்தாள். படியில் போய் உட்கார்ந்தாள். தினமும் சொல்கிற அதே குரலில், “விடு” என்றாள்.

குட்டி ஒரு கணம் அவளைப் பார்த்தது. நடந்து வந்து, படியின் காய்ந்த பக்கத்தில் கவுனை வைத்துவிட்டு வாலை ஆட்டியது. எச்சில் பட்ட ஓரத்தைத் தவிர ஒரு கறை கிடையாது. அவள் முதலில் உள்ளே போய் ஈரல் எடுத்து வந்து அதற்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கவுனை எடுத்தாள். நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பிறகு போய் அரைக்கதவைச் சாத்தினேன்.

கவுன் தைக்கக் கொடுத்த அம்மா நடந்ததைச் சர்ச் முழுக்கச் சொல்லியிருக்க வேண்டும். குட்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். போன மாதம் ஒரு வங்கி மேனேஜர், பஞ்சு மாதிரி ஒரு வெளிநாட்டுக் குட்டியுடன் வந்தார். சோபாவைக் குதறிவிட்டதாம்.

“ஒரு நாளைக்கு எத்தன மணிநேரம் இதத் தனியா விடுதீங்க?” என்று கேட்டாள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்.

அவர் கூச்சத்தோடு விரல்விட்டு எண்ணினார். பிறகு செல்போனை எடுத்து, அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். அவள் ஊசியில் நூல் கோத்தபடி நிதானமாகச் சொன்னாள். நான் அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உள்ளே திரும்பாமல் அங்கேயே நின்று முழுவதையும் கேட்டேன்.