ரோஸ்மில்க்கில் பெருங்காயம்

தச்சநல்லூரில் சுலைகாவின் கடைக்குப் பேர் வாங்கித் தந்ததே ரோஸ்மில்க்தான். மகள் வளைகாப்புக்கு முந்நூறு கிளாஸ் சொல்ல வந்த பேச்சிமுத்து அண்ணாச்சி, ருசி பார்க்க ஒரு வாய் உறிஞ்சியதும் முகம் சுளித்தார்.

“என்ன தாயி, ரோஸ்மில்க்கத் தாளிச்சிட்டியா? பெருங்காயம்லா மணக்கு!”

தன் கைப்பக்குவத்தில் சுலைகாவுக்குச் சந்தேகமே கிடையாது. உறிஞ்சுகுழாயை மோந்து பார்த்தாள். போன வாரம் வாங்கிய சிலிக்கான் குழாய். பிரஷ் விட்டுத் தேய்த்து வெந்நீரில் கழுவியும், நேற்றைய மசாலா மோர் வாசம் அதைவிட்டுப் போகவில்லை. அத்தனை குழாய்களையும் வாரிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, குழாய் இல்லாமல் புது கிளாஸ் ஒன்றை நீட்டினாள்.

“பால்ல குத்தமில்ல அண்ணாச்சி, குழாய்லதான். இத வாய் வச்சே குடிங்க.”

புது கிளாஸைக் காலி செய்த அண்ணாச்சி, ரோஸ் நிறமாகிப்போன நரைமீசையைத் துடைத்துக்கொண்டார்.

“முந்நூறு. குழாய மட்டும் கொண்டாந்திராத தாயி.”