போயா நாளில் ஆற்றுக்குப் போன மக்கீன்

மாத்தளையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த மக்கீன், குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் ஒரு வாரம் முந்தியே தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். பெண்கள் மறைவாகக் குளிக்க வசதி உண்டா, தொழுவதற்கு நிழல் உண்டா, சாராயம் விற்கும் தவறணை எவ்வளவு தூரம், சூதாடுகிறவர்கள் கூடுவார்களா என்று விசாரிப்பார். மது பரிமாறும் விரிப்பில் உட்காரக் கூடாதென்ற நபிமொழியை அவர் சாப்பாட்டுப் பாயோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பொழுதுபோக்கப் போகிற இடத்துக்கும் அதுதான் அளவு என்பார். அதற்காகப் பெண்களை வீட்டோடு வைத்திருப்பதையும் அவர் ஏற்றதில்லை.

அவருடைய தங்கை மஸூதாவின் கணவர் ரவூப் வேறு மாதிரி. ஊர் பார்க்கக் கிளம்பினாலே பாவத்துக்குக் கிளம்புவதாக நினைப்பவர். கலியாணமாகி ஒன்பது வருடத்தில் மஸூதா பக்கத்து ஊரான உக்குவளையைத் தாண்டியதில்லை. 1969 ஆகஸ்டில், இடத்துக்கு மக்கீன் பொறுப்பேற்றதால் ரவூப் ஒருமுறை சம்மதித்தார்.

"வாறேன் மச்சான். ஆனா அங்க கூடாதது ஏதும் கண்ணில பட்டா, இனிமே மஸூதாவ எங்கயும் கூப்பிடாதீங்க."

அந்த வருடங்களில் இலங்கையில் ஞாயிறுக்குப் பதிலாக, பௌத்தர்களின் புனித நாளான போயாதான் வார விடுமுறை. தவறணைகள் மூடியிருக்கும் என்று கணக்குப் போட்டு மக்கீன் போயா நாளையே தேர்ந்தெடுத்தார். இடம், நாவுலவுக்கு அப்பால் அம்பன் கங்கைக் கரை. அவர் பார்க்கப் போன செவ்வாய்க்கிழமை, எருமை குளிப்பாட்டிய ஒருவரைத் தவிர அங்கே ஆளில்லை.

போயாவன்று சில்வெஸ்டரின் வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தபோது மருத மரத்தடியில் ஒரு லொறி நின்றது. பத்துப் பதினைந்து பேர் தகரத்தைத் தட்டிப் பைலா பாடிக்கொண்டிருந்தார்கள். சாராயப் போத்தல்களைக் கழுத்து வரை ஆற்றில் அமிழ்த்திக் குளிர வைத்திருந்தார்கள்.

"இன்னைக்குத் தவறணை பூட்டுதானே?" என்றார் மக்கீன்.

சில்வெஸ்டர் சிரித்துவிட்டார். "பூட்டுறதாலதான் நாநா, நேத்தே வாங்கி வச்சிக்கிறாங்க. ஊரெல்லாம் விசாரிச்சீங்க, இத விசாரிக்கலியா?"

ரவூப் கார்க் கதவைத் திறக்கவேயில்லை. "பாத்தாச்சு. திருப்புங்க."

அங்கே இருக்க மக்கீனுக்கும் மனமில்லை. ஆனால் திரும்பினால் மஸூதாவுக்கு இதுவே கடைசி.

மக்கீனின் மனைவி உம்மு குல்தூம் இறங்கினார். "இங்க இருக்க வேணாம்னுதான் நாங்களும் சொல்றோம். ஆறு இவங்க உக்காந்திருக்கிற எடத்தில மட்டுமா ஓடுது?"

மஸூதாவும் சோற்றுச் சட்டியோடு இறங்கிவிட்டார். கணவரிடம் மெதுவாகச் சொன்னார்: "கூடாததுல இருந்து விலகத்தானே சொன்னீங்க? விலகுவோம். வீட்டுக்குத்தான் விலகணுமா?"

"மேல ஒரு மைல்ல வாய்க்கால் பிரியிற எடம் இருக்கு," என்றார் சில்வெஸ்டர். "லொறி வராது. என் காரும் வராது."

"பிழை என்னோடதுதான் மச்சான்," என்றார் மக்கீன். "நீங்க சொல்றபடி செய்வோம்."

மஸூதா வரப்பில் ஏறியிருந்தார். ரவூப் காரைவிட்டு இறங்கிப் பின்னால் போனார். "அந்தச் சட்டியத் தாங்க. கொட்டப் போறீங்க."

மேலே தண்ணீர் கணுக்கால் அளவுதான். குளிக்க முடியாது. சாப்பிட்டு, லுஹர் தொழுதார்கள். கல் சுடுகிறது, முள் குத்துகிறது என்று ரவூப் குறை சொல்லிக்கொண்டே இருந்தார். மஸூதா கால்களைத் தண்ணீரில் விட்டபடி அஸர் தொழுகை நேரம் வரை எழும்பவில்லை. தகரச் சத்தம் அங்கே கேட்கவில்லை.

கிளம்பும்போது ரவூப் சில்வெஸ்டரிடம் கேட்டார்: "மழ முடிஞ்சா இங்க தண்ணி எவ்வளவு வரும்?"

"இடுப்பளவு வரும் நாநா."

"அப்ப ஜனவரியில பாப்போம்," என்றார் ரவூப்.